டேப்பட் இடைவெளி: குவாட் ஓட்டும் வாசகர்களின் கேள்விகள்

இந்த இதழில் நான்கு சக்கர ஆஃப்-ரோடு வண்டிகளான குவாட்களின் வால்வு பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். டேப்பட் இடைவெளி என்பது, வால்வு மூடியிருக்கும்போது அதற்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விட வேண்டிய மெல்லிய இடைவெளி. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடைய கேள்வியாகச் சேர்த்துவிட்டோம்.

கேள்வி (ஷார்ஜா வாசகர்): பழைய யமஹா ராப்டர் 350 ஒன்று வாங்கியிருக்கிறேன். வார இறுதியில் மணல் மேடுகளில் ஓட்டுவேன். டேப்பட்டை யாரும் தொட்ட மாதிரி தெரியவில்லை. சத்தம் எதுவும் இல்லை, ஆனால் எஞ்சின் சூடானபின் நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது. டேப்பட் செட் பண்ண வேண்டுமா? எனக்கு இது முதல்முறை.

பதில்: கட்டாயம் பாருங்கள். சத்தம் இல்லை என்பதுதான் இங்கே கவலை தரும் செய்தி. இடைவெளி அதிகமான டேப்பட் 'டிக் டிக்' என்று தானே காட்டிக்கொடுத்துவிடும். இடைவெளி குறைந்து இறுகிப்போன டேப்பட் வாயே திறக்காது. வால்வு முழுவதும் மூடாமல் நின்று கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் சேரும் அழுத்தம்) கசியும். சூடானபின் ஸ்டார்ட் ஆகாதது, ஐட்லிங் ஒரு நிலையில் நிற்காதது இரண்டும் இதன் வழக்கமான அடையாளங்கள். கார்புரேட்டர் கோளாறும் இப்படிக் காட்டலாம். ஆனால் டேப்பட்டைப் பார்க்காமல் கார்புரேட்டரைப் பிரிப்பது வேண்டாத வேலை.

எரிந்த புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டின் பெரும்பகுதியை இறக்கிவைப்பது, சிலிண்டரின் மேல்பகுதியான ஹெட்டிலுள்ள இருக்கையில் உட்காரும் அந்தச் சில நொடித் துணுக்குகளில்தான். சரியாக உட்காரவில்லை என்றால் சூடு போக வழியில்லை. விளிம்பு கருகும், பிறகு அந்த இடம் வழியாகவே நெருப்பு பீறிட்டு அரிக்கும். அந்த நிலைக்குப் போனபின் டேப்பட் திருகைத் திருப்பிப் பயனில்லை, ஹெட்டை இறக்க வேண்டியதுதான்.

உங்கள் வண்டி முதல்முறைக்காரருக்கு ஏற்றது: காற்றால் குளிரும் ஒற்றை சிலிண்டர், இரண்டே வால்வு, திருகும் லாக் நட்டும் உள்ள ராக்கர் (வால்வை அழுத்தித் திறக்கும் நெம்புகோல்). அளவுகள், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது: இன்டேக் (காற்றை உள்ளே விடும் வால்வு) 0.06 முதல் 0.10 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.16 முதல் 0.20 மி.மீ. முதல்முறை வைப்பவர் நடு அளவைக் குறிவையுங்கள்: இன்டேக் 0.08, எக்ஸாஸ்ட் 0.18. உங்களிடம் இருக்கும் ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய ப்ளேடுகளின் தொகுப்பு) அங்குல அளவில் இருந்தால் 0.003 அங்குலம் என்பது 0.076 மி.மீ., 0.007 என்பது 0.178. இரண்டும் போதுமான அளவுக்குக் கிட்டே வருகின்றன. இரண்டு வால்வுக்கும் ஒரே ப்ளேடைப் போட்டுவிடுவது முதல்முறைக்காரர் செய்யும் பெரிய தவறு. எக்ஸாஸ்டுக்கு இன்டேக் அளவை வைத்தீர்களோ, மேலே சொன்ன கருகல் அங்கேயே ஆரம்பம்.

வேலையில் பாதி, மூடியைத் திறப்பதற்கு முன்பே முடிகிறது. மணலில் ஓடிய வண்டியில் ஹெட்டைச் சுற்றியுள்ள ஃபின்களுக்குள் மணல் அடைந்திருக்கும். இருக்கை, டேங்க் கவர், பெட்ரோல் டேங்க் ஆகியவற்றைக் கழற்றியதும் முதலில் காற்றடித்து, பிரஷ் போட்டு, மறுபடி காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். டேங்க்கைக் கழற்றாமல் பக்கவாட்டில் கைவிட்டு வேலையை முடிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. ப்ளேடு வளைந்து போய்த் தப்பு அளவு காட்டும், டேங்க்கைக் கழற்றும் பத்து நிமிடம் வீண் அல்ல. ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றுமுன் அதன் குழியிலும் காற்றடிக்க வேண்டும். இல்லையென்றால் அங்கே கிடக்கும் மணல் நேராக சிலிண்டருக்குள் விழும். இந்த வண்டியின் ப்ளக் என்ஜிகே டி8இஏ, அதற்கு 18 மி.மீ. ப்ளக் ஸ்பானர் வேண்டும். கழற்றியதோடு அதன் இடைவெளியும் 0.6 முதல் 0.7 மி.மீ. இருக்கிறதா பார்த்துவிடுங்கள். ப்ளக் வெளியே வந்துவிட்டால் எஞ்சினைக் கையால் சுற்றுவது எளிது.

அடுத்து இன்டேக், எக்ஸாஸ்ட் டேப்பட் மூடிகளைத் திறக்க வேண்டும். எஞ்சினின் இடப்புற மூடியில் இருக்கும் அடைப்புகளையும் எடுங்கள். ஒன்று கிராங்கின் நுனியில் ஸ்பானர் போட, மற்றது ஃப்ளைவீலின் குறியைப் பார்க்க. இடப்புறம் நின்று பார்த்து இடஞ்சுழியாக, அதாவது எஞ்சின் ஓடும் திசையிலேயே, மெதுவாகச் சுற்றுங்கள். ஸ்பானர் கைக்குப் படியவில்லை என்றால் வேறு வழி: முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்பக்கம் இரண்டு சக்கரமும் தரையைத் தொடாதபடி ஜாக்கில் நிறுத்தி, டாப் கியர் போட்டு, பின் சக்கரத்தை முன்னோக்கிச் சுற்றினால் எஞ்சினும் சுற்றும். இரண்டு சக்கரமும் ஒரே அச்சில் இருப்பதால் ஒன்றை மட்டும் தூக்கினால் நடக்காது.

தேட வேண்டியது பிஸ்டன் மேலே வந்து நிற்கும் டிடிசி. ஃப்ளைவீலில் 'டி' என்ற குறியை மூடியிலுள்ள வெட்டுக்கு நேராக நிறுத்துங்கள். பக்கத்தில் தீப்பொறி நேரத்துக்கான 'எஃப்' குறியும் கண்ணில் படலாம். அவசரத்தில் அதில் நிறுத்திவிட்டு அளப்பவர்கள் நிறையப் பேர். குறி நேராக வந்துவிட்டாலும் வேலை முடியவில்லை. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டன் இரண்டு முறை மேலே வரும்: ஒருமுறை கம்ப்ரஷன் முடிவில், இன்னொருமுறை எக்ஸாஸ்ட் முடிவில். நமக்கு வேண்டியது முதலாவது. இரண்டு ராக்கரையும் விரலால் ஆட்டிப் பாருங்கள். இரண்டும் இலேசாக ஆடினால் சரியான இடம். ஒன்றாவது விறைப்பாக நின்றால் இன்னும் ஒரு முழுச்சுற்று சுற்றி மறுபடி 'டி' குறியில் நிறுத்துங்கள். இறுகிப்போன வால்வு சரியான இடத்திலும் ஆடாமல் இருக்கலாம். அந்தச் சந்தேகம் வந்தால் சுற்றும்போது இன்டேக் வால்வைக் கவனியுங்கள். அது கீழே போய்த் திரும்ப மேலே வந்து மூடிய பிறகு முதலில் வரும் 'டி' குறிதான் கம்ப்ரஷன்.

முதலில் எதையும் திருப்பாமல், இருக்கும் இடைவெளியை அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். அடுத்தமுறை பார்க்கும்போது எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று சொல்லப்போவது அந்தத் தாள்தான். ப்ளேடைத் துடைத்து ஒரு துளி எஞ்சின் ஆயில் தடவி, வால்வுத் தண்டின் நுனிக்கும் திருகின் நுனிக்கும் நடுவே நேராகச் செருகுங்கள். புத்தகத்துக்குள் வைத்த தாளை இழுக்கும்போது இருக்கும் அந்த மெல்லிய பிடிமானம் கைக்குத் தெரிய வேண்டும். தொளதொளவென்று போனால் அதிகம், வலிந்து தள்ள வேண்டியிருந்தால் குறைவு. கை உணர்வில் நம்பிக்கை வராதவர்கள் இப்படிச் சரிபார்க்கலாம்: இன்டேக்கில் 0.06 ப்ளேடு தடையில்லாமல் நுழைய வேண்டும், 0.11 நுழையவே கூடாது.

மாற்ற வேண்டியிருந்தால் லாக் நட்டை அரைச் சுற்று தளர்த்துங்கள், அதற்கு மேல் வேண்டாம். ப்ளேடை உள்ளே வைத்தபடியே திருகைத் திருப்பிப் பிடிமானம் வந்ததும் நிறுத்துங்கள். எவ்வளவு சிறிய அசைவு என்று ஒரு கணக்கு: திருகின் மரை 0.75 மி.மீ. இடைவெளி கொண்டது என்று வைத்துக்கொண்டால், கடிகார முள் 5 நிமிடம் நகரும் அளவுக்குத் திருப்பினாலே 0.06 மி.மீ. மாறிவிடும். உங்கள் இன்டேக்குக்கு அனுமதித்த வித்தியாசமே 0.04தான்! அதனால்தான் கடைசிக் கட்டத்தில் எல்லோருக்கும் சறுக்குகிறது. லாக் நட்டை இறுக்கும்போது திருகும் கூடவே சுற்றிவிடும். திருகை ஸ்க்ரூடிரைவராலோ அதற்கான டேப்பட் சாவியாலோ அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் இறுக்க வேண்டும். இறுக்கிய பின் மறுபடி அளந்தால் மாறித்தான் இருக்கும். இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டிவந்தால் சலிக்காதீர்கள், இது எல்லோருக்கும் நடப்பது. நட்டை எவ்வளவு இறுக்குவது என்பதை உங்கள் மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் பார்த்து டார்க் ஸ்பானரில் வையுங்கள். சிறிய நட், நீளமான ஸ்பானர் போட்டுத் தொங்கினால் மரை உரிந்துவிடும்.

இரண்டையும் வைத்து முடித்ததும் எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, அதே கம்ப்ரஷன் டிடிசிக்கு வந்து, இன்னொரு முறை அளந்துவிட்டு மூடுங்கள். மூடிகளின் ஓ-ரிங் தட்டையாகியிருந்தாலோ விறைத்திருந்தாலோ புதிது போடுங்கள். பழையதையே மாட்டிவிட்டு ஆயில் கசிகிறதே என்று போல்ட்டை மேலும் முறுக்குவதால்தான் அலுமினிய ஹெட்டில் மரை போகிறது. திறந்த துளைகளை வேலை நடக்காத நேரமெல்லாம் சுத்தமான துணியால் மூடிவையுங்கள்.

கேள்வி (அல் ஐன் வாசகர்): 'குளிர்ந்த எஞ்சின்' என்று எல்லாரும் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் ஜூலை மாதம் ஷெட்டில் நிழலிலேயே நாற்பதைத் தாண்டுகிறதே?

பதில்: நியாயமான கேள்வி. எழுதியவர்கள் மனதில் வைத்தது சாதாரண அறை வெப்பம். ஹோண்டா தன் வண்டிகளுக்கு 35 டிகிரிக்குக் கீழே என்று எல்லையே போட்டிருக்கிறது. சூட்டில் அலுமினிய ஹெட்டும் எஃகு வால்வும் ஒரே அளவில் விரிவதில்லை, ஆகவே சூடான எஞ்சினில் எடுத்த அளவை புத்தகத்திலுள்ள எண்ணோடு ஒப்பிட முடியாது.

வண்டியை முந்தைய நாள் மாலைக்குப் பிறகு ஓட்டாதீர்கள். விடியற்காலையில், வெயில் ஷெட்டின் தகரத்தைத் தொடுவதற்குள் அளந்து முடியுங்கள். ஏசி உள்ள கராஜ் யாரிடமாவது இருந்தால் இரவு முழுக்க வண்டியை அங்கே நிறுத்துவது இன்னும் நல்லது. ஒரு மணி நேரம் மின்விசிறி அடித்தால் போதும் என்று நினைக்க வேண்டாம், மேல்புறம் குளிர்ந்தாலும் உள்ளே சிலிண்டர் சூடாகத்தான் இருக்கும்.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகர்): பைக் மெக்கானிக்காக இருக்கிறேன், வளைகுடாவில் குவாட் வாடகைக் கம்பெனி ஒன்றில் வேலைக்குப் போகிறேன். அங்கே பெரும்பாலும் ராப்டர் 700 என்கிறார்கள். பைக்கில் செட் பண்ணுவதுபோல்தானே? ஒரு நண்பர், டேப்பட் வைத்தபின் செல்ஃப் மோட்டார் திணறுகிறது என்று சொன்னார். ஏன்?

பதில்: கை வேலை அதேதான். ராப்டர் 700, 686 சிசி, ஒற்றை சிலிண்டர், தண்ணீரில் குளிர்வது, நான்கு வால்வு. டேப்பட் திருகும் லாக் நட்டும்தான், ஷிம் (இடைவெளியைச் சரிசெய்ய வைக்கும் சிறு வட்டத் தகடு) கிடையாது. இன்டேக் 0.09 முதல் 0.13 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.16 முதல் 0.20. ஒரே பக்கத்து இரண்டு வால்வையும் ஒரே ராக்கர் தள்ளும் அமைப்பாக இருந்தால் ஒரே அளவிலான இரண்டு ப்ளேடு வாங்கி, இரண்டையும் ஒரே நேரத்தில் இரண்டு வால்வுகளின் மேலும் வைத்து அளக்கப் பழகுங்கள். ஒன்றில் மட்டும் ப்ளேடு வைத்தால் ராக்கர் தன் தண்டின் மேல் இலேசாகச் சாய்ந்து மற்றதில் தப்பான அளவு காட்டும். இன்ஜெக்‌ஷன் வண்டி என்பதால் டேங்க்கைக் கழற்றும்போது பெட்ரோல் ஹோஸில் அழுத்தம் இருக்கும். சர்வீஸ் புத்தகம் சொல்லும் முறைப்படி அழுத்தத்தை இறக்கிவிட்டு, துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு கழற்றுங்கள்.

செல்ஃப் மோட்டார் திணறுவதற்கு பேட்டரியைத்தான் எல்லோரும் குற்றம் சொல்வார்கள். பெரிய ஒற்றை சிலிண்டர்களில் வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட்டிலேயே ஒரு சின்ன டீகம்ப்ரஷன் அமைப்பு உண்டு. ஸ்டார்ட் ஆகும் வேகத்தில் மட்டும் அது எக்ஸாஸ்ட் வால்வைக் கொஞ்சமாக, மிகக் கொஞ்சமாகத் தூக்கி அழுத்தத்தைக் கசியவிடும். அப்போதுதான் மோட்டாரால் பிஸ்டனைத் தள்ள முடியும். எக்ஸாஸ்ட் இடைவெளியைத் தாராளமாக வைத்துவிட்டால் அந்தச் சிறு தூக்கலை இடைவெளியே தின்றுவிடும், வால்வு திறக்காது. மோட்டார் முழு கம்ப்ரஷனோடு மல்லுக்கட்டும். உங்கள் நண்பர் எக்ஸாஸ்ட்டை மறுபடி அளந்து பார்க்கட்டும், பேட்டரி மாற்றுவது அதற்குப் பிறகு.

இதே அமைப்பால் இன்னொரு சிக்கல். டிடிசி குறியைத் தாண்டிப் போய்விட்டால் எஞ்சினைப் பின்னோக்கிச் சுற்றிக் குறிக்குக் கொண்டுவராதீர்கள். டீகம்ப்ரஷன் நெம்பி எக்ஸாஸ்ட்டைத் தூக்கிவைத்திருக்கலாம், இடைவெளியே இல்லாத மாதிரி காட்டும். முன்னோக்கியே இரண்டு சுற்று சுற்றித் திரும்ப வாருங்கள். கம்ப்ரஷன் கேஜ் போட்டுப் பார்த்து எண் குறைவாக இருக்கிறதே என்று வால்வைச் சந்தேகிப்பதும் இதேபோல் ஏமாற்றக்கூடியது. இந்த எஞ்சின்களுக்கு, டிடிசியில் நிறுத்திக் காற்றடித்துக் கசிவு பார்க்கும் சோதனைதான் நம்பத்தகுந்தது. எக்ஸாஸ்ட் குழாயில் காற்றுச் சத்தம் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, த்ராட்டில் பக்கம் கேட்டால் இன்டேக், ஆயில் ஊற்றும் துளையில் கேட்டால் பிஸ்டன் ரிங்.

கேள்வி (கனடா, பிராம்ப்டன் வாசகர்): சுசுகி எல்டி-இசட்400 வைத்திருக்கிறேன். மூடியைத் திறந்தால் திருப்புவதற்குத் திருகே இல்லை! அளந்தால் ஒரு இன்டேக் வால்வில் 0.06 மி.மீ.தான் இருக்கிறது.

பதில்: அதில் இரட்டை கேம், வால்வின் மேல் கவிழ்ந்து உட்காரும் கிண்ணம் போன்ற பக்கெட், அதற்கடியில் ஷிம். ராக்கரே கிடையாது, அதனால் திருகும் கிடையாது. அளவு: இன்டேக் 0.10 முதல் 0.20 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.20 முதல் 0.30. உங்களுடையது இறுகியிருக்கிறது, ஷிம்மை மெல்லியதாக்க வேண்டும்.

கணக்கு இதுதான்: பழைய ஷிம்மின் தடிமன், அதோடு நீங்கள் அளந்த இடைவெளியைக் கூட்டி, வேண்டிய இடைவெளியைக் கழியுங்கள். பழைய ஷிம் 2.50 என்று வைத்துக்கொள்வோம். 2.50 கூட்டல் 0.06, கழித்தல் 0.15, கிடைப்பது 2.41. கடையில் 0.05 படிகளில் கிடைத்தால் 2.40 வாங்குங்கள், இடைவெளி 0.16 ஆகும், நல்ல அளவு. ஷிம்மின் மேல் அச்சிட்ட எண்ணை நம்பாமல் மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். தேய்ந்திருக்கலாம், முன்பு யாரோ தேய்த்தும் போட்டிருக்கலாம்.

ஷிம்மை எடுக்க கேம்களை இறக்கியாக வேண்டும், அதில்தான் ஆபத்து. டிடிசியில் நிறுத்தி, கேம் ஸ்ப்ராக்கெட் குறிகள் எங்கே நிற்கின்றன என்று படம் எடுத்துவைத்து, முதலில் செயின் டென்ஷனரைக் கழற்றிய பிறகே கேம் கேப் போல்ட்டுகளைத் தொடுங்கள். போல்ட்டுகளைக் குறுக்குமறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ஒரு பக்கத்தை மட்டும் முழுக்கத் தளர்த்தினால் வால்வு ஸ்பிரிங் கேமைச் சாய்த்து கேப்பையே உடைத்துவிடும். டைமிங் செயின் உள்ளே நழுவாமல் ஒரு கம்பியால் கட்டித் தூக்கி வையுங்கள். செயின் ஓடும் பள்ளம் திறந்தே இருப்பதால் அதில் துணி அடைக்க மறந்தால் ஷிம் அங்கேதான் போய் விழும். எந்த பக்கெட் எந்த வால்வினுடையதோ அங்கேயே திரும்ப வர வேண்டும், முட்டை அட்டையில் எண் போட்டு வைத்தால் குழப்பமில்லை. திரும்ப மாட்டி, டென்ஷனரையும் போட்டபின், கையால் இரண்டு சுற்று சுற்றிக் குறிகள் திரும்ப அதே இடத்துக்கு வருகின்றனவா பார்க்காமல் செல்ஃப் பட்டனைத் தொடாதீர்கள். செயின் ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தால் கைச்சுற்றிலேயே தெரிந்துவிடும். சுற்றும்போது எங்காவது முட்டினால் பலம் போடாமல் நிறுத்துங்கள்.

உங்கள் ஊர்க் குளிர்காலத்தில் சூடேற்றாத கராஜில் உறைந்து நிற்கும் எஞ்சினையும் அப்படியே அளக்க வேண்டாம், வீட்டு வெப்பத்துக்கு வரவிடுங்கள்.

கேள்வி (துபாய் வாசகர்): இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இன்டேக் இறுகுகிறது. ஒவ்வொரு தடவையும் செட் பண்ணிவிட்டு ஓட்டுகிறேன். தவறா?

பதில்: ஒருமுறை இறுகினால் பராமரிப்பு. திரும்பத் திரும்ப, அதுவும் இன்டேக் மட்டும் இறுகினால் வால்வு ஹெட்டுக்குள் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். காரணம் மணலாகத்தான் இருக்கும். ஏர் ஃபில்டரைத் தாண்டி வரும் நுண்மணல் இன்டேக் வால்வின் விளிம்பையும் இருக்கையையும் உப்புக் காகிதம்போல் தேய்க்கிறது. ஃபோம் ஃபில்டரில் ஆயில் சீராகப் படிந்திருக்கிறதா, அதன் விளிம்பு பெட்டியில் உட்காரும் இடத்தில் கிரீஸ் இருக்கிறதா, பெட்டிக்கும் த்ராட்டிலுக்கும் நடுவிலுள்ள ரப்பர் வெடித்திருக்கிறதா பாருங்கள். ஃபில்டரைத் தாண்டிய குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் மணல் ஒட்டினால் வேறு ஆதாரம் தேவையில்லை.

யமஹா ஒய்எஃப்இசட்450 போன்ற பந்தய வகைகளில் டைட்டானியம் வால்வு. அதன் மேல் மிக மெல்லிய கடினப் பூச்சு இருக்கும். பூச்சு போய்விட்டால் அடியிலுள்ள உலோகம் சீக்கிரம் தேய்ந்துவிடும், அதன்பின் ஷிம் மாற்றுவதெல்லாம் சில வாரம் தள்ளிப்போடுவதுதான். அத்தகைய வால்வைத் தேய்த்துச் சீராக்கிப் போடலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள், மிச்சமிருக்கும் பூச்சும் போய்விடும். புது வால்வு போட்டு, இருக்கையையும் வெட்டிச் சரிசெய்ய வேண்டும்.

கேள்வி (பெயர், ஊர் குறிப்பிடாத வாசகர்): என் பொலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 500க்கு டேப்பட் அளவு எவ்வளவு?

பதில்: அளவு எதுவும் இல்லை, அதில் ஹைட்ராலிக் அமைப்பு தானே சரிசெய்துகொள்ளும். ஸ்டார்ட் செய்த முதல் சில நொடி டிக் டிக் என்று கேட்டு அடங்கிவிட்டால் பயப்பட வேண்டாம். அடங்காவிட்டால் ஆயில் அளவைப் பாருங்கள், பிறகு ஆயில் எப்போது மாற்றினீர்கள் என்று யோசியுங்கள்.